மாரிப் பாதைக்கு ஒரு பிக்கப்: முதற் பணத்தை எதிற் செலவிடுவது?

வீடு ஓரிடத்திலும் வயல் வேறோர் இடத்திலும் என்றாகிவிட்ட குடும்பங்களுக்கு வாகனம் ஓர் ஆடம்பரம் அன்று. உறவினர் காணியிலோ, வாடகை வீட்டிலோ, வீட்டுத்திட்டத்திற் கிடைத்த வீட்டிலோ இருந்துகொண்டு, பத்து இருபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தமது பழைய வயலை விதைக்கின்றவர்கள் எம்மிடையே இருக்கின்றனர். விதைநெல்லும் பசளையும் போகவேண்டும்; நெல் வரவேண்டும். இடையில் ஒருவரைப் பாம்பு தீண்டினாலோ, கர்ப்பிணி ஒருவருக்கு இரவில் வலி கண்டாலோ, அதே வாகனந்தான் ஆசுப்பத்திரி வண்டியுமாகிறது. தனியே ஒருவரால் முடியாததை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தோ, கமக்காரர் அமைப்பின் மூலமோ செய்து ஒரு பழைய பிக்கப்பை வாங்குவது நல்ல முயற்சியே.

வாங்கிய மறுநாள் வாக்குவாதம் தொடங்கும். கையில் மிஞ்சிய பணத்தை எதிற் போடுவது? முன்னுக்கு இரும்புக் கம்பி அடிக்க வேண்டும் என்பார் ஒருவர். கூரையில் நாலு விளக்கு என்பார் இன்னொருவர். வாகனத்தை அரை அடி உயர்த்தினால்தான் சேற்றுக்குள் ஓடும் என்பார்கள் பெடியன்கள். எல்லோரும் எங்கோ ஓர் வாகனத்தில் அவற்றைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் காணும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதற் பணம் சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்குப் போகவேண்டும். அதாவது ரயருக்கும், அதனுள் உள்ள காற்றுக்கும். அடுத்தது, புதைந்தால் ஆளுக்கும் வாகனத்துக்கும் சேதமின்றி வெளியே எடுப்பதற்கான சாமான்கள். மூன்றாவதாக, தண்ணீர் இயந்திரப் பாகங்களுக்குள் புகாமற் காக்கும் சில சிறிய வேலைகள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்ற மற்றவை காத்திருக்கலாம். ஏன் இந்த ஒழுங்கு என்பதே இப்பாடம்.

பாதையை முதலில் படிப்போம்

வாகனத்தைப் பார்க்குமுன் அது ஓடப்போகும் மண்ணைப் பார்க்கவேண்டும். வடக்கில் எங்கும் ஒரே மண் இல்லை. மன்னாரில் முருங்கனைச் சுற்றியும், முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கத்திலும் உள்ள கரிய களிமண், கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும்; மாரியிற் பசைபோல ஒட்டும். அது ரயரின் வெட்டுகளுக்குள் அடைந்து இறுகிவிட்டால் புது ரயரும் மொட்டை ரயர்போல வழுக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்திலும் வடமராட்சி கிழக்கிலும் மணல். அங்கே சிறு மழை உதவியாகவே இருக்கும், நனைந்த மணல் இறுகுவதால். கோடையிற் காய்ந்து உதிரியாகக் கிடக்கும் மணலே சில்லை விழுங்குவது. வன்னியின் உட்பகுதிகளிற் பரந்து கிடக்கும் செங்கபில மண்ணோ காய்ந்தாற் கல், நனைந்தாற் சவர்க்காரம். கிறவல் போட்ட பாதையும் டிப்பர்கள் ஓடி ஓடிக் கிடங்காகியபின் இவற்றுள் ஒன்றாகவே மாறிவிடுகிறது.

மண்ணோடு காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்போகத்துக்குப் புரட்டாதி, ஐப்பசியில் விதைக்கிறோம். கார்த்திகை, மார்கழியிற் பசளை எறிகிறோம். தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை அறுக்கிறோம். பாதை மிக மோசமாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில் வாகனத்தில் ஏறுவது நாலைந்து பசளைப் பைகளும் சில ஆள்களுமே. பதினைந்து மூடை நெல், அதாவது ஏறத்தாழ ஒரு தொன், ஏறுகின்ற நாள்களிற் பாதை பெரும்பாலும் காய்ந்திருக்கும். மழை பிந்திப் பெய்யும் ஆண்டுகளில் இக்கணக்குப் பிழைக்கும் என்பது உண்மையே. ஆயினும் பொதுவிற் சொன்னால், எமது பிக்கப் சேற்றில் நிற்பது பாரம் தாங்காமல் அன்று, நிலத்தைப் பற்றமுடியாமல். பின் ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவதிற் போகும் பணம் கார்த்திகை மாதத்தில் ஒரு முழமும் முன்னே நகர்த்தித் தராது.

பாதையை விட்டு இறங்காதிருப்பதற்கே

வெளிநாட்டு வாகனச் சஞ்சிகைகளில் இவ்வகை வேலைகளைப் பாதைக்கு வெளியே ஓட்டுவதற்கான வேலைகள் என்று எழுதுவார்கள். எமது நோக்கம் இதற்கு நேரெதிர். சேற்றுக் கிடங்கு ஒன்றைக் கண்டதும் பக்கத்துப் பற்றைக்குள் இரண்டு சில்லை இறக்கிச் சுற்றிப் போவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். கண்ணிவெடி அகற்றி முடியாத பகுதிகளுக்கு அருகில் இது உயிரோடு விளையாடுவதாகும். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அது 2018 யூன் 1 முதல் எமக்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி அகற்றும் வேலை முடியவேண்டிய திகதி 2028 யூன் 1. பெரும்பகுதி துப்புரவாக்கப்பட்டுவிட்டது, ஆனாற் பெரும்பகுதி என்பது முழுவதும் அன்று. வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்திருந்த வெடிபொருளை வேறிடத்துக்கு நகர்த்தவும் கூடும்.

மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை உள்ள இடத்தை யாரும் தவிர்ப்பர். பலகை இல்லாத இடத்திலும், ஆள்களும் மாடுகளும் உழவு இயந்திரங்களும் நாளாந்தம் போய்வருகின்ற தடத்தை விட்டு விலகாதீர்கள். வாகனம் புதைந்தபின் சில்லுக்கு அடியில் வைக்கக் கல்லும் கொப்பும் தேடிப் பற்றைக்குள் இறங்குவதும் இதற்குள் அடங்கும். தேவையான பலகையும் சாக்கும் வாகனத்திலேயே இருக்கவேண்டும் என்று பின்னர் நான் வற்புறுத்துவது இதனால்தான். மோசமான துண்டை அதே தடத்திலேயே தாண்டிப் போக வல்ல வாகனந்தான் எமக்கு நல்ல வாகனம்.

முதலில் வைத்தியம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில் இருபத்தைந்து, முப்பது வயதான ஹைலக்ஸ்களும் எல் 200களும் கை மாறிக்கொண்டேயிருந்தன. அத்தகைய வாகனத்துக்குப் புதிதாக எதையும் பூட்டுமுன் உள்ளதைச் சீராக்க வேண்டும். பிறேக், ஸ்ரியறிங் மூட்டுகள், சில்லுப் பெயாரிங்குகள், றேடியேற்றர் ஆகிய நான்கையும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். பிறேக் ஒழுங்கில்லாத வாகனத்துக்கு நல்ல ரயர் போட்டுப் பயனில்லை.

நான்கு சில்லும் இழுக்கும் 'போர் வீல்' வாகனம் என்று சொல்லி விற்றிருந்தால், அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முன் சில்லுகளுக்குப் போகும் தண்டைக் கழற்றிவிட்டு, நெம்பியை மட்டும் அலங்காரமாக விட்டிருக்கும் வாகனங்கள் உண்டு. பழைய வாகனங்களில் முன் சில்லின் நடுவே கையால் திருகிப் பூட்டும் மூடி இருக்கும். அது துருப்பிடித்து இறுகியிருக்கவும் கூடும். மணற்பாங்கான இடத்தில் அதைப் பூட்டி, நெம்பியைப் போட்டு மெதுவாக எடுக்கும்போது, முன் சில்லுகளும் மண்ணைக் கிளறுகின்றனவா என்று ஒருவர் வெளியே எட்ட நின்று பார்த்தாற் போதும். தார் வீதியில் இப்பரிசோதனை வேண்டாம். பழைய வாகனங்களிற் பெரும்பாலானவற்றில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டுப்படுவதால், தாரில் திரும்பும்போது கியர்ப்பெட்டி வருந்தும்.

பின் சில்லு மட்டும் இழுக்கும் வாகனம் என்று கவலைப்படவும் வேண்டாம். வெறும் பெட்டியோடு போகும்போது பின்பக்கம் பாரமின்றி இருப்பதே அதன் குறை. மாரியில் இரண்டு மூன்று மணல் மூடைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே, அசையாதபடி கட்டி வைத்தாற் பிடிப்புக் கூடும். காசு செலவில்லாத திருத்தம் இது.

ரயர் வாங்கும்போது

உங்கள் உழவு இயந்திரத்தின் முன் சில்லையும் பின் சில்லையும் அருகருகே பாருங்கள். முன்னதில் நீளவாட்டில் ஓடும் வரம்புகள். அவை திசை திருப்புவதற்கு. பின்னதில் உயர்ந்து சாய்ந்து நிற்கும் கட்டைகள். அவை மண்ணைக் கவ்வி இழுப்பதற்கு. கட்டைகளுக்கு இடையே அகன்ற வெளி இருப்பதால், சில்லு சுற்றும்போது சேறு தானே கழன்று விழுகிறது. பிக்கப் ரயரும் இதே நியாயப்படிதான். தார் வீதி ரயரில் மெல்லிய கோடுகள். சேற்று ரயரிற் பெரிய கட்டைகள். இரண்டுக்கும் நடுவே எல்லா நிலத்துக்குமென்று செய்த ஒரு வகை உண்டு. கடையில் முன்னதை எச்.ரி., சேற்றுக்கானதை எம்.ரி., நடுவானதை ஏ.ரி. என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

எமக்கு ஏற்றது நடு வகையே. முழுச் சேற்று ரயர் களிமண்ணில் அருமையாக ஓடும். ஆனால் சந்தைக்கும் ஆசுப்பத்திரிக்கும் ஏ-9 வீதியில் ஓடும்போது இரையும், விரைவில் தேயும், நனைந்த தாரிற் பிறேக் போட்டால் அதிக தூரம் இழுத்துச் செல்லும். முருங்கன் களியில் மாரி முழுவதும் ஓடவேண்டியவர்கள் வேண்டுமானால் அதை எண்ணிப் பார்க்கலாம்.

நான்கு வாங்கப் பணமில்லையென்றால் இரண்டை வாங்கிப் பின்னுக்குப் போடுங்கள். பின் சில்லு இழுக்கும் வாகனத்தில் வேலை அங்கேதான் நடக்கிறது. ஒரே அச்சில் இரண்டு வகை ரயர் கூடாது. போர் வீல் வாகனமாயின் நான்கும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருப்பது முக்கியம். மேலதிகச் சில்லையும் மறக்கவேண்டாம். பெட்டிக்கு அடியிற் காற்றில்லாமல் தொங்கும் மேலதிகச் சில்லு வெறும் பாரமே.

அளவை மாற்றாதீர்கள். பெரிய ரயர் போட்டால் வாகனம் கம்பீரமாகத் தெரியும். ஆனால் திருப்பும்போது மட்காட்டில் உரசும். இயந்திரத்துக்கு இழுக்கும் வலு குறைந்ததுபோல இருக்கும். பிறேக்குக்கும் அச்சுக்கும் வேலை கூடும். வேகமானி பொய் சொல்லும். அகலமான ரயர் எங்கும் நல்லது என்ற எண்ணமும் சரியன்று. ஆழமான மணலில் அகலம் மிதக்க உதவும். மேலே ஒரு சாண் சேறும் கீழே இறுகிய தரையுமாக உள்ள இடத்தில் ஒடுங்கிய ரயரே சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும்.

பழைய ரயர் வாங்குவோர் அதன் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். வெட்டு ஆழமாக இருந்தாலும், பத்து வருடம் கடந்து பக்கச் சுவரில் வெடிப்புக் கண்ட ரயரைத் தொடவேண்டாம். பாரம் தாங்கும் தரம் 8 பி.ஆர். என்பதுபோல எழுதப்பட்டிருக்கும். உங்கள் வாகனத்துக்கு உரியதிலும் குறைந்ததை, மலிவு என்பதற்காக வாங்கக்கூடாது. மேற்பரப்பை மீளவார்த்த 'டாக்' ரயர்கள் பற்றிப் பலர் கேட்பதுண்டு. தார் வீதியில் லொறியின் பின் சில்லில் அவை உழைக்கும். காற்றைக் குறைத்து ஓட்டப்போகும் வாகனத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். முன் சில்லுக்கு ஒருபோதும் இல்லை.

காற்று: மிக மலிவான திருத்தம்

இங்கே சற்று நிதானமாக நிற்போம். புதைந்த வாகனத்தை வெளியே எடுக்க ஊர் கூடி இழுக்கிறது. ஆனால் ரயரின் காற்றைக் குறைக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. காற்றுக் குறையும்போது ரயர் தட்டையாகி, நிலத்தைத் தொடும் பரப்பு நீளுகிறது. அதே பாரம் கூடிய பரப்பிற் பரவுவதால் சில்லு கீழே வெட்டிக்கொண்டு போகாமல் மேலே மிதக்கிறது. மாட்டின் குளம்பு புதையும் மணலில் ஒட்டகத்தின் பாதம் புதையாதது இதனால்தான்.

எவ்வளவு குறைப்பது? தார் வீதிக்கான அளவு உங்கள் வாகனத்தின் சாரதிக் கதவு நிலையில் ஒட்டப்பட்டிருக்கும். பல பிக்கப்களில் அது 30 இறாத்தல் அளவிலும், பின்னுக்குப் பாரம் ஏற்றும்போது அதிலும் கூடவும் இருக்கும். காற்றுமானியில் இது பி.எஸ்.ஐ. என்று குறிக்கப்படும். பாரம் குறைந்த வாகனத்துக்குச் சேற்றில் 22 முதல் 25 வரை, உதிரி மணலில் 18 முதல் 20 வரை இறக்கிப் பாருங்கள். மணலில் அப்படியும் ஏறாவிட்டால் 15 வரை போகலாம். அதற்குக் கீழே இறங்கினால் ரயர் றிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். முழுப் பாரத்தோடு நிற்கும் வாகனத்தின் பின் சில்லிற் காற்றைக் குறைத்து ஓட்டினால் பக்கச் சுவர் நசுங்கி உடையும். அப்போது பாரத்தை இறக்குவதே வழி.

குறைத்த காற்றோடு மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடவோ, சட்டென்று திருப்பவோ கூடாது. தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் ரயர் சூடேறி வெடிக்கும். ரியூப் உள்ள ரயரில் இன்னொரு ஆபத்து உண்டு. காற்றுக் குறைந்தால் ரயர் றிம்மிற் சறுக்கி, ரியூப்பின் வாயைப் பிய்த்துவிடும். ரயரிலும் றிம்மிலும் ஒரே நேராகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டு கோடும் விலகத் தொடங்கினாற் காற்று மிகக் குறைந்துவிட்டது என்று அறியலாம்.

இதற்கு வேண்டியவை நம்பகமான ஒரு காற்றுமானியும் ஒரு பம்மும். பற்றரியில் நேரே கொளுவி ஓட்டும் சிறிய பம் வசதியானது. சிகரெட் மூட்டியிற் செருகும் மிகச் சிறியவை பிக்கப் ரயருக்கு மூச்சு வாங்கும். காலால் மிதிக்கும் பம்மும் ஆகும், வியர்வை சிந்தினால். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எமக்கு இது பெரிய காரியமன்று. இரண்டும் சேர்ந்தும் ஒரு ரயரின் விலைக்குக் கிட்ட வராது. ரயர் வாங்கவே பணமில்லாதவர்கள் இதையாவது இந்த மாரிக்கு முன் செய்யலாம்.

புதைந்தால் எடுப்பது எப்படி?

சில்லு ஓரிடத்திலேயே சுற்றத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். மேலும் மிதித்தால் சில்லு தனக்குத் தானே கிடங்கு தோண்டும். வாகனம் வயிற்றில் அமர்ந்துவிடும். அதன்பின் உழவு இயந்திரம் வந்தாலும் இலகுவில் அசையாது. இறங்கி, சில்லுக்கு முன்னுள்ள மண்ணையும், பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பகுதிக்குக் கீழே குவிந்த மண்ணையும் வெட்டி எடுங்கள். காற்றைக் குறையுங்கள். நாலடி நீளமான இரண்டு பனம் பலகைகளைச் சில்லுக்கு அடியிற் செருகி மெதுவாக எடுங்கள். பலகை பின்னுக்குப் பறந்து வரக்கூடும், ஆகவே வாகனத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. இவற்றோடு இரண்டு அங்குலத் தடிப்பில் ஓரடிச் சதுரப் பலகை ஒன்றும் வேண்டும். அதை ஜக்குக்கு அடியில் வைக்காவிட்டால் வாகனம் உயராது, ஜக்தான் தாழும். பலகைகளும் மண்வெட்டியும் நாலு வெறுஞ் சாக்கும் பெட்டியிற் கிடக்கட்டும்.

அடுத்தது இழுத்தல். இங்கேதான் ஆள்கள் காயப்படுகிறார்கள். பம்பரிற் கயிறு கட்டி இழுத்தாற் பம்பர் கழன்று வரும். முன்னுக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளையங்கள் பல, வாகனத்தைக் கப்பலில் அசையாமற் கட்டுவதற்காக வைத்தவை. சேற்றிலிருந்து இழுப்பதற்கு அல்ல. செசி எனப்படும் அடிச்சட்டத்தில், முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகப் பலமான கொளுக்கிகளைப் பூட்டுவிக்க வேண்டும். இதைப் பெரிய செலவு என்று சொல்ல முடியாது. ஒட்டு வேலையால் அல்லாமல், உரமான போல்ட்டுகளாற் பூட்டுவிப்பது நல்லது. அவற்றின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். பழைய செசியில் அதிகம் ஒட்டினாற் சூட்டினால் அந்த இடம் நொய்ந்துவிடும்.

சங்கிலியாலும் கம்பி வடத்தாலும் உதறி இழுக்கவே கூடாது. அவை நீளாதவை; அறுந்தால் துண்டு துப்பாக்கி ரவைபோல வரும். தட்டையான நைலோன் பட்டி வாங்குங்கள். வாகனத்தின் முழுப் பாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக அது இருக்கவேண்டும். மூன்று தொன் வாகனத்துக்கு எட்டுத் தொன் பட்டி பொருந்தும். இழுக்கும்போது பட்டியின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டால், அறுந்தாலும் அதன் வேகம் அடங்கும். பட்டியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் எல்லோரும் விலகி நிற்கவேண்டும். சிறுவர்கள் வேடிக்கை பார்க்க ஓடி வருவார்கள். முதலில் அவர்களை அனுப்புங்கள்.

உழவு இயந்திரத்தால் இழுப்பவர்களுக்கு ஒன்று. பட்டியைப் பின்னுக்குத் தாழ உள்ள இழுவைத் தண்டிலேயே கட்டவேண்டும். அச்சுக்கு மேலே எங்காவது கட்டி இழுத்தால், பிக்கப் அசையாதபோது உழவு இயந்திரத்தின் முன் சில்லுகள் கிளம்பி, அது பின்பக்கமாகக் கவிழ்ந்து சாரதியை நசுக்கிவிடும். கண்மூடித் திறப்பதற்குள் இது நடந்துவிடும்.

தண்ணீர்

பின் அச்சின் உருண்டைப் பகுதியில், டிபரன்ஷலில், சிறிய மூச்சுத் துவாரம் ஒன்று உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, அத்துவாரத்தாலும் சீல்களாலும் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பாலாகிப் பற்சக்கரங்கள் கெடும். துவாரத்தில் ஒரு றப்பர்க் குழாயைப் பொருத்தி, பெட்டியின் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இது பெருமளவு தவிரும். எந்தக் கராச்சிலும் அரை நாளிற் செய்யக்கூடிய இவ்வேலையைக் கேட்டுச் செய்விப்போர் மிகக் குறைவு. ஆழமான தண்ணீரைக் கடந்த ஒவ்வொரு முறைக்குப் பின்னும் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள்.

இயந்திரம் எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்று மூடியைத் திறந்து கண்டுபிடியுங்கள். அவ்வழியாகத் தண்ணீர் புகுந்தால் டீசல் இயந்திரத்தின் தண்டு வளைந்து அதன் கதை முடியும். காற்றுக் குழாயைக் கூரை வரை உயர்த்துவது சிலருக்கு நாகரிகம். அது ஆழத்தில் இறங்கத் துணிவைத் தருகிறது. எனக்கு அதனாலேயே அதில் விருப்பமில்லை. நிற்கும் தண்ணீரிற் சில்லின் நடு மட்டமே எமது எல்லை. ஓடும் தண்ணீர் வேறு. ஓரடி வெள்ளம் சிறிய வாகனங்களை மிதக்கச் செய்யும். இரண்டடி வெள்ளம் பிக்கப்பையும் அடித்துச் செல்லும். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரப் பெட்டி வீதியை மூடிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மாணவர்கள் உயிரிழந்தனர். குளம் வான்பாயும்போது எந்தத் திருத்தமும் செய்யாத வாகனமும் எல்லாம் செய்த வாகனமும் ஒன்றே: இரண்டும் இக்கரையில் நிற்கவேண்டும்.

காத்திருக்கக் கூடியவை

பல யப்பானிய பிக்கப்களின் முன்பக்கம் முறுக்குக் கம்பிகளில் நிற்கிறது. போல்ட்டை இறுக்கி முன்பக்கத்தை உயர்த்தித் தருவதாகச் சில கராச்களிற் சொல்வார்கள். உயரும், பலம் சேராது. சில்லின் நேர்பாடு மாறி ரயர் ஒரு பக்கம் தேயும். பின் ஸ்பிரிங்கிற் பட்டை கூட்டுவதும் இதுபோன்றதே. பட்டை கூடினால் வாகனம் தாழாமல் நிற்கும். ஆனால் அச்சும் பிறேக்கும் பழைய அளவைத்தான் தாங்கும். உடைந்த பட்டையை மாற்றுவது வேறு, அது வைத்தியம்.

இயந்திரத்துக்கு அடியில் மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் ஓர் இரும்புத் தகடு, காட்டுப் பாதையில் அடிக்கட்டைகள் உள்ளவர்களுக்குப் பயன்படும். சேறு வழிய ஓட்டைகள் வைக்கச் சொல்லுங்கள். விளக்கென்றால் முதலில் உள்ள இரண்டையும் பிரகாசமாக எரியச் செய்யுங்கள். பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் வயரே குற்றவாளி. இழுவை யந்திரம், வின்ச், விலையும் பாரமும் மிக்கது. பக்கத்து வயற்காரரின் உழவு இயந்திரமே எமது வின்ச். முன்னுக்குப் பூட்டும் இரும்புக் கம்பி முன் சில்லுகளை இன்னும் புதைக்கும். யானைக்கு அது ஈர்க்கு. உடலமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். செய்தபின் பொலிசார் கழற்றச் சொன்னாற் செலவு இரண்டு.

பொது வாகனங்களில் நான் காணும் ஒரு குறையையும் சொல்லவேண்டும். வாகனம் ஒரு வீட்டில், பட்டி இன்னொரு வீட்டில், காற்றுமானி யாரிடமோ. பெட்டியின் மூலையிற் பூட்டுள்ள ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தி, உள்ளிருப்பவற்றின் பட்டியலை அதன் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். திறப்பு வாகனத் திறப்போடு சேர்ந்தே இருக்கட்டும்.

சங்கக் கூட்டத்திற் பேசுவதற்கு

உங்கள் வயலுக்குப் போகும் பாதையில் வாகனம் நிற்கும் இடங்கள் எவை? அவை களியா, மணலா, தண்ணீரா? அவ்விடங்களின் இரு பக்கமும் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்பட்டுள்ளதா, யாரிடம் கேட்டறியலாம்? அவற்றுள் எதையாவது ஒரு நாள் சிரமதானத்தாலும் இரண்டு டிப்பர் கிறவலாலும் திருத்திவிட முடியுமாயின், அது ரயரிலும் மலிவா? கார்த்திகையில் இரவு பதினொரு மணிக்கு ஒரு நோயாளியை ஏற்றவேண்டி வந்தால் வாகனத்தை எடுப்பவர் யார், காற்றைக் குறைக்கவும் நிரப்பவும் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுட் பெண்கள் எத்தனை பேர்?